உறவினர் மறுப்பு

புதுச்சேரி
4-2-2025

நெடுமாறன் அண்ணனுக்கு,

வணக்கம். நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆஸ்பத்திரிகளிலிருந்தும் எங்கள் கண் வங்கிக்கு ஒரு படிவம் வரும். யார் இறந்தார், எத்தனை மணிக்கு, கண் தானம் கேட்கப்பட்டதா, உறவினர் என்ன சொன்னார். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. போன வாரம் காரைக்கால் படிவம் என் மேசைக்கு வந்தது.

நவம்பர் 17, ஞாயிறு. ழாக், வயது 76, இதயச் செயலிழப்பு, பகல் 1.50. பதில் என்ற கட்டத்தில் 'உறவினர் மறுப்பு'. எழுத்து உங்களுடையது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் கேஸ் ஷீட் எழுத எனக்குக் கற்றுக்கொடுத்த கை அது. எங்கே பார்த்தாலும் தெரியும்.

ழாக் என் அப்பா. அவருக்கு இருந்த உறவு நானும் ஃபிரெடெரிக் சித்தப்பாவும்தான். நான் மறுக்கவில்லை. அப்படியானால் மறுத்தது யார்?

அன்றைக்கு நான் வில்லியனூரில் ஒரு வீட்டில் இருந்தேன். அங்கே இறந்துபோன ஒருவரின் கண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி வீட்டுக்குள் போகும்போது போனை அமைதியில் போடுவது எங்கள் வழக்கம். வெளியே வந்து பார்த்தால் சித்தப்பாவின் ஏழு அழைப்புகள். 3.40-க்கு உங்களைக் கூப்பிட்டேன். "அண்ணே, அப்பா கண்ணு?" என்று கேட்டேன். "நீ வா, பாத்துக்கலாம்" என்றீர்கள். சிதம்பரத்தில் பஸ் நின்றபோது மறுபடி கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை.

எட்டரைக்கு வந்து சேர்ந்தேன். கண் எடுப்பதற்கான ஆறு மணி நேரம் கடந்துவிட்டிருந்தது. நீங்கள் டியூட்டி முடிந்து போய்விட்டீர்கள். "டைம் ஆயிடுச்சுக்கா" என்று டியூட்டியில் இருந்த நர்ஸ் முத்தமிழ் மட்டும் சொன்னாள். அப்பாவின் கண்மேல், காயாமல் இருக்க வைக்கிற ஈரப் பஞ்சு இருந்தது. யாரோ வந்து பார்த்திருக்கிறார்கள், ஏதோ காரணத்தால் எடுக்க முடியாமல் போயிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். இரண்டரை மாதமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மார்ச் 20 அன்று ஆய்வுக் கூட்டம். அதற்குள் நான் இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உறவினர் மறுத்தார் என்று அந்த உறவினரே எப்படிக் கையெழுத்துப் போடுவது? இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

ரோசலி


தருமபுரம், காரைக்கால்
9-2-2025

ரோசலிக்கு,

தபாலில் எழுதியது நல்லதாகப் போயிற்று. ஒருவருக்கு நம்பி அனுப்பிய என் குரல் பதிவு ஒன்று மறுநாள் கண்காணிப்பாளர் மேசையில் ஒலித்தது உனக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து போனில் நான் வணக்கம்கூடச் சொல்வதில்லை.

படிவம், கட்டம், கையெழுத்து என்று எழுதியிருக்கிறாய். நீ அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய். இந்தப் பக்கம் எப்படி நடக்கிறது என்பதை ஏழு வருஷத்தில் மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

போன செப்டம்பரில் ஆஸ்பத்திரியில் கண் தான உறுதிமொழி நாள் நடந்தது. பந்தல், பேனர், ஆளுக்கு ஒரு சமோசா. அறுபத்திரண்டு பேர் அட்டையில் கையெழுத்துப் போட்டு போட்டோவுக்கு நின்றார்கள். வார்டு நர்ஸ் வினோதா எல்லாருக்கும் முன்னால் நின்றாள். மூன்றாவது மாதம் அவள் மாமியார் நம் வார்டிலேயே போய்ச் சேர்ந்தார். பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தவளிடம் கண்ணைப் பற்றிக் கேட்டேன். "அய்யோ சார், அதெல்லாம் வெளியாளுங்ககிட்ட கேக்குறது. எங்க வீட்ல போய் கேட்டா என்னைய நிக்க வச்சு கொளுத்திடுவாங்க" என்றாள். அறுபத்திரண்டு பேரிலும் எத்தனை பேர் வீட்டில் சொல்லிவைத்திருப்பார்கள்? டாக்டர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை, போட்டோவில் நிற்கவும் இல்லை. அதனால் எனக்கு இரக்கமில்லை என்று பேச்சு. இருக்கட்டும்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஏன் கேட்கவில்லை என்று விளக்கம் கேட்டு மெமோ வரும். 'மறுப்பு' என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பல பேர் எழுதுவது அதைத்தான்.

உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். உன் சித்தப்பா கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இருபத்தெட்டு வருஷமாகச் சாவு வீட்டு முகங்களைப் பார்த்துவருகிறேன். கேட்டால் என்ன பதில் வரும் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். தெரிந்ததை எழுதினேன்.

2018-இல் கண் தானம் கேட்பதற்கான சென்னைப் பயிற்சிக்கு நான் போயிருந்தால் முகத்தைப் பார்க்காமல் எப்படிக் கேட்பது என்று எனக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். போனது நீ. சேர்ந்து நான்கு வருஷம்கூட ஆகாத ஒப்பந்த நர்ஸ். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை.

வேறு சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

நெடுமாறன்


புதுச்சேரி
14-2-2025

அண்ணனுக்கு,

பேசவில்லை என்று ஒரு பத்தி முழுக்கப் பேசியிருக்கிறீர்கள்.

சித்தப்பாவிடம் கேட்டேன். உங்கள் கடிதத்தில் அவர் முகத்தைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தும் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மொகத்துல என்னடி தெரியும்? பசி தெரிஞ்சிருக்கும். காலையிலேர்ந்து ஒரு டீகூட குடிக்கல. அந்த ஆளு கதவுகிட்ட வர்றதும் கண்ணாடி வழியா என்னையப் பாக்குறதும் திரும்பிப் போறதுமா இருந்தாரு. மூணு தரம். பில்லு கட்டச் சொல்ல வர்றாரோன்னு நான் வேற பயந்துட்டு நின்னேன். கேட்டிருந்தா சரின்னிருப்பேன். அண்ணன் பாக்குறவன்கிட்டயெல்லாம் சொல்லிட்டிருந்ததுதானே."

சொல்லிக்கொண்டேதான் இருந்தார். உங்களிடமும் சொல்லியிருப்பார். பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டு பிரான்சையே கிண்டல் செய்பவர். "அங்க நீ வேணாம்னு எழுதி வைக்கலன்னா சம்மதம்னு அர்த்தம். கேக்காம எடுத்துக்குவான். இங்க கேக்காம பொதைச்சிடுவான். ரெண்டு ஊர்லயும் செத்தவனை ஒரு பய கேக்கமாட்டான்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். சாவு விஷயத்தில் அவர் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். காரைக்காலில் கண் எடுக்க வருகிற எங்கள் ஆள் கபீர், ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிறார். அன்று பஸ்ஸில் போன் என் கையில்தான் இருந்தது. அவரை நானே கூப்பிட்டிருக்கலாம். நான்கு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் 'பாத்துக்கலாம்' என்று சொன்ன பிறகு உங்களைத் தாண்டி இன்னொருவரைக் கூப்பிட்டால் உங்களுக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். ஊரெல்லாம் போய்க் கேட்பவள் சொந்த அப்பாவுக்கு ஒரு போன் செய்யவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்று. பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் எழுதிய வரிசைகள் 2016 அக்டோபரிலிருந்து எல்லாமே 'உறவினர் மறுப்பு'. ஒரு சம்மதம் இல்லை, ஒரு காலிக் கட்டம் இல்லை. எத்தனை என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். எல்லாருமே மறுக்கிற ஊர் என்று எங்கும் இல்லை, அண்ணே.

அந்த அக்டோபரில் என்ன நடந்தது? மீனவர் ஒருவரோடு ஏதோ தகராறு என்று கேள்விப்பட்டேன். அப்போது நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். நீங்கள் எதுவும் சொல்லவில்லை.

பயிற்சிக்கு நான் போனதற்காகத்தான் என் அப்பாவை இப்படிச் செய்தீர்களா? அப்படியென்றால் அப்படி என்றே எழுதுங்கள். தெரியாமல் இருப்பதைவிட அது மேல்.

ரோசலி


தருமபுரம்
24-2-2025

ரோசலி,

பத்து நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். வார்டில் ஊசி போடும்போதுகூட இந்தக் கடிதம்தான் தலைக்குள் ஓடுகிறது. நேற்று ஒரே நோயாளிக்கு இரண்டு முறை ரத்த அழுத்தம் பார்த்தேன். "இப்பத்தானே பார்த்தீங்க?" என்று அவர் கேட்டார்.

காரைக்கால்மேட்டு மருதையன். அவர் மகனுக்கு இருபத்திரண்டு வயது. பைக்கில் போனவன் மின்கம்பத்தில் மோதிவிட்டான். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டான். மருதையனிடம் நான்தான் கேட்டேன். அந்தக் காலத்தில் எல்லாரிடமும் கேட்பேன், அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சரி என்றார். போலீசிடம் எழுத்து வாங்கி முறைப்படிதான் எடுத்தோம். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வீட்டுக்குப் போக மறுநாள் ஆகிவிட்டது. யாரோ பஞ்சை விலக்கிப் பார்த்திருக்கிறார்கள். மீன் ஏலக் கூடத்தில், வலை பின்னுகிற இடத்தில், எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: கண்ணுக்காகத்தான் பையனை விட்டுவிட்டார்கள், அந்த ஆம்பிளை நர்ஸ்தான் ஆள். நாற்பது ஐம்பது பேர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள்.

கண்காணிப்பாளர் அவர்களிடம், "அது ஊழியரின் தனிப்பட்ட முயற்சி, நாங்கள் விசாரிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து என்னிடம் விளக்கம் எழுதி வாங்கினார். அதற்கு முந்தின மாதம்தான் கண் தானத்துக்கான கேடயத்தை மேடையில் வாங்கியிருந்தார். நான் கேட்டு வாங்கிய கண்களுக்காகக் கொடுத்த கேடயம். இன்றைக்கும் அவர் அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, போய்ப் பார்.

கூட்டம்கூடப் பரவாயில்லை. நான்காம் நாள் மருதையன் தனியாக வந்தார். சைக்கிள் ஸ்டாண்டில் என்னைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் சரின்னுதான் சொன்னேன். இல்லைன்னு சொல்லல. ஆனா நீங்க கேக்காம இருந்திருக்கலாமில்ல? கேட்டதாலதானே சொல்ல வேண்டியதாப் போச்சு. இப்ப அவன் அம்மா எங்கூடப் பேசறதில்லைங்க" என்றார்.

அதற்கு என்ன பதில் சொல்வது? உன் பயிற்சியில் அதற்கு ஏதாவது வைத்திருக்கிறார்களா?

அன்றோடு கேட்பதை நிறுத்தினேன். கட்டத்தை நிரப்பினேன். முதல் முறை எழுதும்போது கை கூசியது. பிறகு பழகிவிட்டது. கேட்காமல் விடுவது அவர்களுக்குச் செய்கிற உபகாரம் என்றுகூட எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்னொரு மருதையன் உருவாகாமல் தடுக்கிறேனாம்.

இனி உன் அப்பா. நான்கு நாள் என் வார்டில் இருந்தார். அந்த ஜோக்கை என்னிடமும் சொன்னார், இரண்டு முறை. சனிக்கிழமை நான் மாத்திரை கொடுக்கப் போனபோது, "நெடு, எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டேன். கண்ணு மட்டும் மிச்சம். அதை வீணடிச்சிடாத" என்றார். வழக்கம்போலத் தலையை ஆட்டினேன்.

1.50-க்குப் போனார். 1.58-க்கு நானே கண்ணை மூடி ஈரப் பஞ்சு வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். தலைக்கு இன்னொரு தலையணை வைத்தேன். அரை மணிக்கு ஒருமுறை பஞ்சை நனைத்தேன். கண்ணைக் காப்பாற்ற என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தேன். பத்தடி தூரத்தில் நின்ற உன் சித்தப்பாவிடம் ஒரு வாக்கியம் கேட்பதை மட்டும் செய்யவில்லை. மூன்று முறை கதவுவரை போனேன். அவர் எண்ணியது சரி. கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். மருதையனும் அப்படித்தான் நின்றார்.

நீ கூப்பிட்டாய். பயிற்சியைப் பற்றிக் கேட்டாயே, பதிலை ஒளிக்காமல் எழுதுகிறேன். அப்பா எப்படிப் போனார் என்று கேட்பதற்கு முன்னால் கண்ணைக் கேட்டாய். அதில் எனக்கு மகளின் குரல் கேட்கவில்லை, கண் வங்கிக் குரல் கேட்டது. சுருக்கென்று இருந்தது. 'நீ வா' என்று சொன்னபோது மணி 3.40, நீ வந்து சேர எட்டு தாண்டும் என்பது எனக்குத் தெரியும். கணக்குப் போடாமல் சொல்லவில்லை. நீ வந்து, நீயே கேட்டு, நீயே பதில் சொல்லிக்கொள், என்னை விடு என்ற எண்ணம். கொஞ்சம் வன்மமும் இருந்தது. எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஏழு மணிவரை பஞ்சை நனைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

நெடுமாறன்


புதுச்சேரி
3-3-2025

அண்ணனுக்கு,

மூன்று முறை வாசித்தேன். முதல் முறை உங்கள்மேல் வந்த கோபத்தில் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டேன்.

கண்ணை முதலில் கேட்டது உண்மை. ஏன் என்று நானும் யோசித்தேன். எப்படிப் போனார் என்று கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் நேரம் போய்விடும். அழுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எட்டரைக்குப் பஞ்சைப் பார்த்த பிறகு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

மருதையனுக்குச் சொல்ல என் பயிற்சியில் எதுவும் இல்லை. கேட்கப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் எனக்கும் அந்தப் பயம் உண்டு. வாசல் செருப்புகளைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்று தோன்றும். ஒன்று மட்டும் சொல்கிறேன். மருதையனிடம் ஒரு பதில் இருந்தது. அதற்காக வருத்தப்பட, உங்களைத் திட்ட அவருக்கு இடம் இருந்தது. அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள்.

மன்னிப்புக் கடிதம் எனக்கு வேண்டாம். அந்தக் கட்டத்தில் நடந்ததை எழுதுங்கள். அப்பா வரிசையில் மட்டும் இல்லை. நீங்கள் எழுதாவிட்டால் 20-ஆம் தேதி கூட்டத்தில் நான் எழுந்து சொல்வேன். உங்களுக்கு ஓய்வு பெற நான்கு வருஷம்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள் வாயால் வந்தால் எனக்கு அந்த வேலை மிச்சம்.

ரோசலி


தருமபுரம்
17-3-2025

ரோசலி,

போன திங்கட்கிழமை விடுப்பு போட்டுவிட்டு, பதிவேட்டு அறையில் உட்கார்ந்து 2016 அக்டோபரிலிருந்து உள்ள படிவ நகல்களைப் பார்த்தேன். என் கையெழுத்தில் நூற்று நாற்பத்திமூன்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் 'கேட்கப்படவில்லை' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். பெயர்களைப் படித்தபடி எழுதினேன். பாதிப் பேரின் முகம் நினைவுக்கு வந்தது. மீதிப் பேர் வராததுதான் கஷ்டமாக இருந்தது.

உன் அப்பா வரிசையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. '1.58 முதல் ஈரப் பஞ்சு வைக்கப்பட்டது' என்றும் எழுதினேன். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஆனாலும் அது நடந்தது.

கண்காணிப்பாளர் மாறிவிட்டார், இப்போது வேறு ஒருவர். என் கடிதத்தைப் படித்துவிட்டு, "இத்தனை வருஷம் யாரும் கேக்கல. நீங்களா ஏங்க எழுதிக் குடுக்குறீங்க?" என்றார். "யாரும் கேக்காததுதான் சார் பிரச்சினையே" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விசாரணை உண்டு. ஏப்ரல் ஒன்றிலிருந்து வார்டுப் பொறுப்பு என்னிடம் இல்லை, புறநோயாளிப் பிரிவுக்குப் போகிறேன். டீ இடைவேளையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அவரவர் எழுதிய கட்டங்கள் அவரவருக்கு நினைவு வந்திருக்கும். வினோதா மட்டும் பக்கத்தில் வந்து, "என் வரிசையும் இருக்கு சார், என்ன பண்றது?" என்று கேட்டாள். சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன். வாங்கி வைத்திருக்கிறாள். எழுதுவாளா என்று தெரியாது.

13-ஆம் தேதி காலை அம்பகரத்தூர் தங்கப்பன் என்பவரின் மனைவி இறந்தார். பக்கவாதம், நான்கு வருஷமாகப் படுக்கையில் இருந்தவர். பஞ்சு வைத்தேன். கதவுவரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். இந்த முறை கதவைத் திறந்தேன்.

என்ன வார்த்தையில் கேட்டேன் என்று நினைவில்லை. குழறினேன். எட்டரை வருஷமாகக் கேட்காத வாய். அவர் சொன்னார்: "நாலு வருசமா கை வரல, கால் வரல, பேச்சு வரல. கண்ணாலதாங்க எல்லாம் சொல்லுவா. பசின்னா ஒரு பார்வை, கோவம்னா ஒரு பார்வை. அவகிட்ட கடைசி வரைக்கும் நல்லா இருந்தது அது ஒண்ணுதான். அதை எப்படிங்க நான் எடுக்கச் சொல்றது?"

சரிங்க என்றேன். திரும்பியபோது என் கையைப் பிடித்தார். "கேட்டதுக்குக் கோவம் இல்லைங்க. அவளப் பத்தி ஒருத்தர் கேட்டீங்களே" என்றார்.

பதிவேட்டில் எழுதினேன்: 'உறவினர் மறுப்பு. தங்கப்பன், கணவர். 13-3-2025, காலை 10.40.' யார், என்ன உறவு, எத்தனை மணி என்று இதுவரை நான் எழுதியதே இல்லை. எழுத ஆள் இருந்தால்தானே. நான் கேட்டும் அந்தக் கண் கிடைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் படுத்துத் தூங்கினேன். பல மாதமாகத் தூக்கமே சரியில்லாமல் இருந்தது.

இது போதாது என்று எனக்குத் தெரியும். சிவப்பு மையில் எழுதியதால் உன் அப்பாவின் கண் திரும்ப வராது. கபீர் பத்து நிமிஷத்தில் வந்திருப்பார். எங்கோ யாரோ இருவர் இந்நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை, இனியும் முடியாது.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. நான்கு மாதம் தாமதம், எதற்கும் உதவாது. ஆனாலும் உரியவரிடம் கேட்காமல் அந்த வரிசையை மூட எனக்கு மனம் வரவில்லை.

ரோசலி, உன் அப்பா ழாக் நவம்பர் 17 பகல் 1.50-க்கு இறந்துவிட்டார். கடைசியில் வலி இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்களைத் தானமாகக் கொடுக்க உனக்குச் சம்மதமா?

நெடுமாறன்


புதுச்சேரி
24-3-2025

சம்மதம்.

ரோசலி, மகள்.
24-3-2025, காலை 9.15.

20-ஆம் தேதி கூட்டத்துக்கு உங்கள் சிவப்பு மை வரிகளோடு படிவம் வந்தது, அதில்தான் கையெழுத்துப் போட்டேன். அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதைச் சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வாசித்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

உங்கள்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.